பெயர் தெரியாத பறவை

கல்யாணமான முதல் வாரமே
மைமு எங்கள் வானொலியைத் திறந்துவிட்டாள்.
நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது.
"அதனால்தான்," என்றாள்.
"கெட்டுப்போனதைத் திறந்தால்
கெட்டது மட்டும்தானே தெரியும்."

நான் பேருந்து ஓட்டியவன்.
தார்த்து நகரில் நான்காம் எண் தடம்,
முப்பத்தோரு வருடம்.
சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவேண்டும்,
எனக்கும் இயந்திரத்துக்கும் அவ்வளவே பேச்சு.
அவளுக்கு இருப்புக் கொள்ளாது.
தொலைபேசி நிலையத்தில் பொறியாளர்;
புதுக் கருவி வந்து இறங்கிய அன்று
அதன் மின்சுற்றைப் பென்சிலால் வரைந்து
குளியலறைக் கதவில் ஒட்டினாள்,
பல் தேய்த்தபடியே படிக்க.
கோந்துத் தடம் இன்னும் போகவில்லை.

என் நெஞ்சில் வைக்கவிருந்த
பேஸ்மேக்கரின் கையேட்டை
மருத்துவரிடம் கேட்டு வாங்கி,
மயக்க மருந்து ஏறுவதற்குள் முடித்துவிட்டு
என் கையை அழுத்தினாள்:
"நல்ல வடிவமைப்பு."
அது காதல் என்று எனக்குத் தெரியும்.
செவிலிக்குத் தெரியவில்லை,
முறைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமைகளில் மட்டும்
திருகாணிகளை ஜாடியில் போட்டு மூடுவாள்.
ஏழு பத்துப் பேருந்தில் சதுப்புக்குப் போவோம்.
அகன்ற சட்டங்களைக் காலில் கட்டிக்கொண்டு
பாசிமேல் நடப்பாள்,
தூங்கும் குழந்தையின் மெத்தைமேல் நடப்பதுபோல்.
கறுத்த குட்டைகள். என் இடுப்பளவே வளர்ந்த
இருநூறு வயதுப் பைன் மரங்கள்.
பாசிக்குள் கை விட்டால்
சிவந்து குளிர்ந்த கிரான்பெர்ரி.
அங்கே அவள் எதையும் திறந்து பார்த்ததில்லை.

செவ்வாய் மாலை பாடகர் குழு.
ஆல்ட்டோ, இரண்டாம் வரிசை.
சுரங்களுக்குப் பக்கத்தில்
ஹெர்ட்ஸ் கணக்கு எழுதிவைத்ததைப் பார்த்து
நடத்துநர் ஆரே தலையில் அடித்துக்கொண்டார்.
ஆனாலும் அவளை நடுவில்தான் நிறுத்துவார்;
இருபுறமும் தடுமாறுகிறவர்கள்
அவள்மேல் சாய்ந்துகொள்ளலாம்.

எழுபத்திரண்டாம் வயதில்
நிரல் எழுதப் படித்தாள்.
குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் பெட்டி ஒன்று,
தீப்பெட்டி மூன்றின் பருமன்.
குள்ளப் பைன் மரத்தில் கட்டிவிட்டு வந்தோம்,
தெற்கே கிளம்புமுன் கூடும்
பெருங்கொக்குகளை எண்ண.
இரண்டு வாரம் கழித்து
சமையலறை மேசையில் பட்டியல் விரிந்தது:
கொக்கு. கொக்கு. அண்டங்காக்கை. கொக்கு.
பிறகு, கட்டிவிட்டு வந்த அந்தச் சனிக்கிழமை,
பத்து நாற்பத்திரண்டிலிருந்து ஒன்பது நிமிடம்:
அடையாளம் தெரியவில்லை.

ஒலியை ஓடவிட்டாள்.
தாழ்ந்த குரல். ஒரே சுரத்தில் நீண்டு,
ஒரு படி இறங்கி,
மூச்சுக்கு நின்று, மறுபடி.
அவள் கழுத்தில் மயிர்க்கூச்செறிந்ததைப் பார்த்தேன்.
பறவையியல் படித்த வீவிக்குத் தொலைபேசி எடுத்து
"கேள், கேள்" என்றாள்.
வீவியும் கேட்டாள். புத்தகங்களைப் புரட்டினாள்.

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
"அது நீதான்," என்றேன்.

பெர்ரி பறிக்கும்போது முனகுவாள்,
ஆல்ட்டோ பகுதியை மட்டும்.
நாற்பத்தாறு வருடமாகக் கேட்கிறேன்.
அவளோ நாற்பது குரல்களுக்கு நடுவில் அல்லாமல்
தன்னைத் தனியாகக்
கேட்டதே இல்லை போலும்.

போனை வைத்தாள்.
கை சும்மா கிடந்தது மேசைமேல்,
திருப்புளி இல்லாமல்.
ஒன்பது நிமிடத்தையும்
முதலிலிருந்து கேட்டாள்.
"நான்காம் நிமிடத்தில் சுரம் தாழ்கிறது,"
என்றாள் கடைசியில்.

பட்டியலில் பெயரைத் திருத்தச் சொன்னேன்.
"ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது.
தரவு போதாது."
பிறகு பெட்டியை என் பக்கம் திருப்பி,
"எங்கே, நீயும் முனகு."

தொண்டையைச் செருமிக்கொண்டு
எனக்குத் தெரிந்த ஒரே பாட்டை முனகினேன்.
பெட்டி கொஞ்சம் யோசித்தது.
டீசல் வாகனம், என்றது.
தொண்ணூற்றொரு சதவீதம் உறுதி.