ஏழு யார்?

மாதம் பாதியிலேயே டேட்டா தீர்ந்துவிடுகிறது.
எவன் தின்கிறான் என்று பார்க்கத்தான்
பழைய லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்தில் உட்கார வைத்தேன்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டில்
லாரியை ஓரங்கட்டுவார்களே, அந்த மாதிரி.
தார்ப்பாயை அவிழ்க்க முடியாது.
எங்கிருந்து, எங்கே, எத்தனை எடை, எத்தனை மணிக்கு,
அவ்வளவுதான் தெரியும்.
அதுவே அதிகம் என்று இரண்டாம் நாள் புரிந்தது.

டிவி அணைந்த பிறகும்
ஊர் தெரியாத யாரிடமோ
நிமிடத்துக்கொரு தரம் பேசுகிறது.
அப்பா தூங்கப் போனது பதினொரு மணி,
அவர் போன் தூங்கியது ஒன்றே முக்கால்.
வாசல் கேமரா
தேங்காய்க் குடோனைக்
கடல் தாண்டி எவருக்கோ காட்டிவிட்டுத்தான்
எங்களுக்குக் காட்டுகிறது.

ஆயிரம் வரிகளுக்கு நடுவே
ஒரு வரி மட்டும்
பூட்டு இல்லாமல், ரகசியம் இல்லாமல்,
வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி:
ஏழு யார்? மூன்றுக்குச் சொல்லவும்.
ஏழு யார்? மூன்றுக்குச் சொல்லவும்.

மூன்று, பிரின்டர்.
மண்டி பில் அடிக்கிறதே, மஞ்சள் மை தீர்ந்தது, அது.
ஏழு
ரவுட்டரின் பழைய பட்டியலில் இருந்தது:
திரு லேப்டாப்.

திருமூர்த்தி. என் அண்ணன்.
தோப்புப் பங்கில் வார்த்தை தடித்து
வண்டித்தாவளத்தில் மாமனார் வீட்டோடு போய்
மூன்று ஓணம் ஆகிறது.
பதினாலு கிலோமீட்டர்.
கணவாய்க் காற்று அடித்தால்
அங்கே பெய்கிற மழையின் வாசம் எங்கள் மாடிக்கு வரும்.
அவன் பேரை அம்மா
சாமி படத்திடம்கூட எடுப்பதில்லை.
மாடி ஏறினால் என் போன்
'கேரளத்துக்கு நல்வரவு' என்கும்.
அதையும் உடனே அழித்துவிடுவேன்.

ஸ்கேன் செய்ததைத் தன்னிடம் கொண்டுவரும்படி
அவன்தான் அதைப் பழக்கியிருந்தான்.
யாரும் மாற்றவில்லை.
நாற்பது நொடிக்கு ஒரு தரம்
இந்த வீட்டில் அவனை விசாரிப்பது
ஒரு பிரின்டர்.

நேற்று ராத்திரி
என் லேப்டாப்புக்கு ஏழாம் எண்ணைக் கொடுத்தேன்.
நான்தான் ஏழு என்றது.
கேள்வி நின்றது.
நின்ற கையோடு ஒரு கதவைத் தட்டியது பிரின்டர்,
அவன் திறந்து வைத்திருந்த கதவு,
என்னிடம் இல்லாதது.
மறுப்பு. தட்டல். மறுப்பு.
பதினொரு வரி அப்படியே போயிற்று.

எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
டேட்டா தின்றது கேமராதான், பிளக்கைப் பிடுங்கியாயிற்று.
காலையில், மை வாங்கணும் என்றார் அப்பா.
பேசாமல் புதுசே வாங்கிவிடலாம் என்றாள் அம்மா.
வேண்டாம்,
இது நன்றாகத்தான் ஓடுகிறது என்றேன்.