ஒரு விரல் தள்ளி

டோர்ஸ்ஹவ்னில் ஆம் என்றால் யா,
இல்லை என்றால் நை.
விசைப்பலகையில் இரண்டு முதலெழுத்தும்
மாடிவீடும் கீழ்வீடும்.
சம்மதத்துக்கும் மறுப்புக்கும் நடுவே
ஒரு நகக்கண் அகலம்.

கருவி நான் எழுதியது.
மீன்கூண்டுகளின் வெப்பம், உப்பு, உயிர்வளி
கருப்புத் திரையில் வரிவரியாக இறங்கும்.
சரியான அளவென்றால் இடைவெளி விசை, அடுத்தது.
பொய்யளவென்றால் டி, அழி.
மவுஸைத் தேடிக் கை அலைய வேண்டாம்,
மணிக்குத் தொள்ளாயிரம் வரி என்று
மார்தட்டிக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு புதன். நாலு மணிக்கே இருட்டு.
ஹெக்னி படகுக் கொட்டகையில்,
இரண்டு விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடு.
புயலில் இணைப்பு உறைந்தது.
தட்டினான். திரை அசையவில்லை.
மறுபடி தட்டினான்.
தட்டியதெல்லாம் எங்கோ வரிசைகட்டி
மதகு திறக்கக் காத்திருந்திருக்கிறது.
இணைப்பு திரும்பியது.
என் கேள்வி திரையில் முளைக்கும் முன்பே
அதன் பதில் வாசலில் நின்றது.
ஆறாம் கூண்டு. பதினொரு நாள்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு
என்று நாக்குநுனி வரை வந்துவிட்டது.
"திரை செத்துப்போச்சுன்னு நெனச்சேன், ரன்வா" என்றான்.
அவசரம் அவனுடையதில்லை.

முதலில் பூட்டுப் போட்டேன்:
அழிக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்து.
கையுறைக்காரர்கள் திட்டினார்கள்.
பிறகு, கூண்டின் பெயரை முழுதாக எழுது என்றேன்.
இரண்டே வாரம்.
விரல்கள் பெயரை மனப்பாடம் செய்துவிட்டன;
கண் படிப்பதற்குள் கை ஒப்புக்கொடுத்தது.
உறுதியா என்று நூறு தடவை கேட்டால்
நூற்றியோராவது தடவை
அது கேள்வி இல்லை,
ஏறிப்போகும் இன்னொரு படி.

பிப்ரவரியில் எல்லாவற்றையும் பிடுங்கினேன்.
டி பழையபடி ஒற்றை விசை.
அழிந்த வரி அழியாது;
முப்பது நாள் சாம்பல் நிறத்தில் கிடக்கும்.
யூ தட்டினால் எழுந்து வரும்.
பெரிய கேள்வி வருமுன்
தேங்கிய தட்டல்கள் அத்தனையும் வடிந்துவிடும்;
இந்தத் திரையைப் பார்த்த பின்
தட்டியது மட்டும் செல்லும்.
சும்மா என்டர் அடித்தால் நை.

ஒன்றுக்கு மட்டும் யூ கிடையாது:
உயிர்வளி வால்வை மூடுவது.
அதற்கு விசையே வைக்கவில்லை.
நீளமான சொல், எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும்.
ஹெக்னி கேட்டான், சுருக்கக்கூடாதா என்று.
கூடாது.

நேற்றுப் பதிவேட்டைப் புரட்டினேன்.
ஆறாம் கூண்டு, ஒரே வரியில்
டி, யூ, டி, யூ.
பிறகு நாற்பது நொடி ஒன்றுமில்லை.
(எழுந்து கூண்டுப்பக்கம் பார்த்தானோ,
கையுறையைக் கழற்றினானோ.)
பிறகு இடைவெளி விசை.
ஒன்பது புள்ளி நாலு பாகை, பிப்ரவரிக் கடலில்.
நானாக இருந்தால்
அழித்திருப்பேன்.