ஓணானுக்குக் கரண்ட் இழுத்தது

கூத்தாநல்லூர். கார்த்திகைக் கடைசி.
நாலு நாளாய் விட்டும் விடாமலும் மழை.
வெண்ணாறு கரையைத் தடவிக்கொண்டு போகிறது,
சம்பாவில் பயிர்நுனி மட்டும் வெளியே.
இந்தத் தண்ணீரில் எவன் மோட்டார் போடுவான்.
சும்மா கிடந்தபோதுதான் ஜெஸிமாவின் போன்:
"அண்ணே, இக்வானாவுக்கு ஹீட்டர் மாட்டணும்."

மரப்பெட்டி, நாலடி உயரம், முன்பக்கம் கண்ணாடி.
உள்ளே ஒரு கொய்யாக்கிளை.
அதன்மேல் பச்சை மங்கி
ஈரச்சாக்கு நிறத்தில் அது.
மூன்று நாளாய் முருங்கைக்கீரையைத் தொடவில்லையாம்.
"தின்னாலும் செரிக்காதுண்ணே, உடம்பு சூடு ஏறுனாத்தான்."
விலங்கியல் இரண்டாம் வருஷம்.
குரல் பாடம் சொல்லியது, கை நடுங்கியது.

கதவோரம் உம்மா:
"நாங்க போர்வைக்குள்ள சுருண்டு கிடக்கோம்,
ஓணானுக்குக் கரண்ட் அடுப்பு.
இவ வாப்பா ஈப்போலேர்ந்து காசு அனுப்புறது இதுக்குத்தான்."
சொல்லிவிட்டு எனக்கொரு டீ, சர்க்கரை தூக்கலாய்.

பிளாஸ்டிக் ஹோல்டர் இளகிவிடும், பீங்கான்தான் சரி.
பல்பும் பீங்கான், நூறு வாட்.
சுடும், வெளிச்சம் வராது,
ராத்திரியைக் கெடுக்காது.
சுற்றிலும் கம்பிவலை கட்டினேன்.
இல்லாவிட்டால் இதமென்று கட்டிக்கொண்டு கிடக்குமாம்
தோல் பொசுங்குவதுகூடத் தெரியாமல்.
(கேட்டதும் மனுஷர்கள் சிலர் ஞாபகம் வந்தார்கள். போகட்டும்.)

ஒரு மூலையில் மட்டும் சூடு.
ரெண்டு பக்கமும் போட்டால் என்ன என்றேன்.
"வேணும்னா வரணும், போதும்னா போகணும்.
அது கையில இருக்கணும்ண்ணே."
ஒயரை உள்ளே விடுமுன் கீழே ஒரு தொங்கல் விட்டேன்,
ஈரம் வழிந்தால் அந்த வளைவிலேயே சொட்டிப் போக.

கன்ட்ரோலர்தான் கிடைக்கவில்லை.
மன்னார்குடியில் ஸ்டாக் இல்லை,
திருவாரூரில் திங்கட்கிழமை என்றார்கள்.
திங்கள்வரை இது தாங்காது.
வண்டிப்பெட்டியில் ஒன்று வைத்திருந்தேன்.
லெட்சுமாங்குடி நற்பணி மன்றத்து ஃப்ரீசர் பாக்ஸில் கழற்றியது,
கம்ப்ரசர் போய் ஓரங்கட்டிய பாக்ஸ்.
ஆறு வருஷம் வீடு வீடாய் அதை மாட்டியவன் நான்.
மகன் திருச்சியில் விமானம் இறங்கும்வரை
கண்ணாடிக்குள் ஒரு முகம்,
தலைமாட்டில் சிவப்பாய் இந்த நம்பர்.
அழுகை ஓயும் இடைவெளியில் ரிலே டிக்கென்று விழும்.
புதிதாய் வந்தவர்கள் திடுக்கிட்டுப் பெட்டியைப் பார்ப்பார்கள்.

பட்டனை அழுத்திப் பிடித்தேன்.
'சி' இருந்த இடத்தில் 'ஹெச்'.
ஓர் எழுத்துதான்.
நாலில் நின்றதை ஏற்றிக்கொண்டே போனேன்,
பதினொன்று, பத்தொன்பது, இருபத்தாறு,
முப்பத்திரண்டு வருவதற்குள் கட்டைவிரல் வலித்தது.

சென்சாரைக் கிளையில் கட்டும்போது
புறங்கை அதன்மேல் பட்டுவிட்டது.
குளிர். எனக்குப் பழக்கமான குளிர்.
கையை இழுக்கப்போனேன்,
விலா மெதுவாய் ஒருமுறை
ஏறி இறங்கியது.

பில்லில் கன்ட்ரோலரைச் சேர்க்கவில்லை.
"பழசு" என்றேன்.
எதில் பழசென்று அவள் கேட்கவில்லை.

ராத்திரி பதினொன்றேகாலுக்கு மறுபடி போன்.
"அண்ணே, டிக்டிக்னு நின்னு நின்னு ஒரு சத்தம். பயமா இருக்கு."
அது அப்படித்தான், தூங்கு என்றேன்.
பிறகு நானே கேட்டேன்: "இப்ப எங்க இருக்கு?"
டார்ச் தேடும் ஓசை.
"பாதி தூரம் வந்துருக்குண்ணே.
ஒரு பின்னங்கால் இன்னும் இந்தப் பக்கம்."

மழை திரும்பப் பிடித்துக்கொண்டது.
அவர்கள் வீட்டு இன்வெர்ட்டரில்
நூறு வாட் எத்தனை மணி நேரம் ஓடும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.