பனியை நீக்கும் மாட்

முதலில் இறக்கியது
பனியை நீக்கும் மாட்.
ஐவின் சிரித்த சிரிப்பில்
காப்பி மேசையெல்லாம் சிந்தியது.
"நாள் முழுக்கப் பனி வழிக்கிறாய்,
வீட்டுக்குப் போயுமா?"
வீட்டுக்குப் போயும்தான்.
பாட்ஸ்ஃபியோர்டில் நவம்பரில் போகிற சூரியன்
ஜனவரி பாதியில்தான் எட்டிப் பார்க்கும்.
கணவாய்ச் சாலையில் என் லாரி
முன்விளக்கில் தெரிகிற இருபது மீட்டரை
உலகம் என்று நம்பி ஓடுகிறது.
திரையிலாவது ஒரு வாற்கோதுமை வயல் வேண்டும்
மஞ்சளாக,
காற்று சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு.

அடுத்தது சுமைக் கணக்கு.
முந்நூறு எடைக்கு மேல் ஒரு கரண்டி சேர்ந்தாலும்
வீரன் நத்தையாகிவிடுவான்.
கன்சோலைத் திறந்து ஒரு வரி தட்டினேன்.
இப்போது பதினாறு இரும்புக் கவசம்,
நாற்பது முட்டைக்கோஸ்,
எவன் வீட்டு வாளியோ ஏழு,
ஒரு டிராகனின் முதுகெலும்பு முழுசாக
எல்லாம் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி மலையேறுகிறேன்.
விற்கவும் இல்லை.
கனக்காத எதையும்
கீழே வைக்கத் தோன்றுவதில்லை.

சிலந்திகளை நண்டாக மாற்றும் மாட்
ரான்வைக்குக்காகப் போட்டது.
சிலந்தி வந்தால் சோபாவில் காலைத் தூக்கிக்கொள்வாள்.
முதல் குகையில் முதல் நண்டு வந்ததும்
பெருமூச்சு விட்டாள்:
"எட்டு மணி நேரம் இதன் காலைத்தானே
பெட்டியில் அடுக்கிவிட்டு வருகிறேன்.
சிலந்தியே தேவலை."

சாகாவரம் ஒரே ஓர் இரவு.
மூன்று ஓநாய்கள் பிடுங்கப் பிடுங்க
எழுந்து போய்த் தேநீர் போட்டேன்,
ரொட்டி வாட்டினேன், துணி காயப்போட்டேன்.
திரும்பி வந்தால் இன்னும் கடித்துக்கொண்டிருந்தன
சலிக்காமல்,
சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்பது போல.
பார்க்கச் சகிக்கவில்லை.
வரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச்
செத்துக் காட்டினேன்.

ஐவின் சீட் தொடமாட்டான்.
"நூறு தடவை செத்தேன், நேர்மையாக."
செத்ததும் பழைய சேவ் ஃபைலைத் திறக்கிறாயே,
அது எந்த ஊர் நேர்மை என்றேன்.
அன்று பதில் இல்லை.
மறுநாள் டீசல் பிடிக்கும்போது சொன்னான்:
"அது வேற."

சுவருக்குள் நடக்கிற சீட்டில்
ஒருமுறை ஊருக்கு அடியில் விழுந்தேன்.
கடைக்காரனின் மொத்தச் சரக்கும்
மண்ணுக்குக் கீழே ஒற்றைப் பெட்டியில்.
ஆற்றுக்கு ஆழம் இல்லை, மேல்தோல் மட்டும்.
அதற்கும் கீழே, யாரும் கேட்காத இடத்தில்,
இன்னொரு வானம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது
அளவில் மிகச் சிறியது.
மூல்தெ என்ற பெயரில் யாரோ செய்தது.
ஆற்றுத்துறையில் ஒரு படகுக்காரியைச் சேர்க்கும்.
பெயர் ஹல்லா.
பதினொரு வசனம் பேசுவாள்,
வீட்டிலேயே பதிந்த குரல்.
ஏழாவது வசனத்தின் பின்னால்
ஒரு ஃபிரிட்ஜ் முனகுகிறது.
எட்டாவதில் யாரோ கதவைத் திறக்கிறார்கள்,
அவள் குரல் ஒரு நொடி
திறந்த பக்கம் திரும்புகிறது.
யார் என்று தெரியவில்லை.
ஆறு வருடமாக மூல்தெ எதையும் புதுப்பிக்கவில்லை,
எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

போன இளவேனிலில் கேமுக்குப் புதிய பதிப்பு வந்தது.
ஐவின் வீட்டில் போட்டுப் பார்த்தோம்.
ஹல்லா கைகளை இரண்டு பக்கமும் விரித்து
முகமில்லாமல்
படகுக்கு ஒரு முழம் மேலே நின்றாள்.
அன்றிலிருந்து என் கணினி தினமும் கேட்கும்:
புதுப்பிக்கலாமா?
நான் தினமும்: இப்போது வேண்டாம்.

மூன்றே முக்காலுக்குப் போன் அடிக்கிறது.
கணவாயின் தடுப்பருகே ஒன்பது கார்கள்.
நான் முன்னால் வழித்துக்கொண்டு போனால்
பின்னால் வரிசையாக வரும்.
இந்த லாரியில் கன்சோல் இல்லை.
நானும் தேடிப் பார்த்திருக்கிறேன்.

மேலே ஏறும்போது கண்ணாடியில் எண்ணுகிறேன்,
ஒன்பது விளக்கு,
ஒன்று கொஞ்சம் மங்கல்.
அப்போதுதான் ஞாபகம் வருகிறது,
கேமை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.
வயலோரம், வெயிலில்,
ரான்வைக் தூங்குகிற வீட்டில்
ஹல்லா இந்நேரம்
திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பாள்:
"அக்கரைக்கா?"