மாகாணிச் சுற்று

சோகார் தொழிற்பேட்டை, மூன்றாவது கொட்டகை.
அலைக்குப் போதாத அகலம்
இந்தப் பித்தளைக் குழாய்க்கு.
வாசலிலேயே செத்துவிடும் என்றார் கொள்முதல்காரர்.

சாகவில்லை.
ஓடாது, அவ்வளவுதான்.
நின்ற இடத்திலிருந்து கை நீட்டும்,
நீட்ட நீட்ட மெலியும்.
அந்தக் கை ஓயுமுன்
ஒரு திருகு, கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
கால் சுற்று. அரைக்கால். மாகாணி.
திரையில் செத்துக் கிடந்த கோடு
மேடு கட்டியது.
ரொசெண்டோ சோற்றுத் தட்டோடு எழுந்து வந்தான்,
விரலில் மீன்முள்.

திருகுகளின் தலையில் சிவப்பு மை வைத்து,
கேபிள் எட்டிய மட்டும்
கதவுக்கு வெளியே, வெயிலில் வைத்தேன்.
நாற்பத்தெட்டு டிகிரி.
மேடு இடப்பக்கம் நகர்ந்தது,
மயிரிழை, பிறகு விரற்கடை.
ஆகஸ்டைப் பித்தளையிடம் யாரும் சொல்லவேண்டியதில்லை.

சுடச்சுடத் துணியில் பொதிந்து
உள்ளே எடுத்துவந்தேன்.
நல்லவேளை,
மை காயவில்லை.