வேலிக்குள் ஒரு கொடி

ஆக்லாந்தில் மார்ச் மாதம்.
ராவினியா வேலிச்செடிக்குள் தலையை விடுகிறாள்.
சௌசௌ போலக் காய்கள். வெடித்தால் போச்சு,
பஞ்சுமுடி வைத்த விதைகள் நூற்றுக்கணக்கில்
தெரு முழுக்கக் குடியேறிவிடும்.

கத்தரித்த இடமெல்லாம் பால்.
கையுறை தாண்டி மணிக்கட்டில் எரிச்சல்.
பூ மட்டும், சொல்லக்கூடாது,
நல்ல வாசனை.

ஒரு கொடியைக் கையில் சுற்றி இழுத்தாள்.
கொடி திருப்பி இழுத்தது.

அந்தப் பக்கம் டெஸ்மண்ட்.
நாய் விஷயத்தில் பேச்சு நின்று ஆறு வருஷம்.
"விடுறியா?"
"நீங்க விடுங்க. வேர் உங்க பக்கம்."
"உன் பக்கம்தான்."

இருவரும் மண்டியிட்டுப் பார்த்தார்கள்.
நட்டநடுவில், வேலித் தூர்களுக்கிடையே,
கட்டைவிரல் தடிமனில்
உட்கார்ந்திருந்தது.

ரம்பம் அவரிடம் இருந்தது.
வெட்டுவாயில் பூசும் மருந்து
இவளிடம்.