இரண்டு அளவுள்ள விரல்

அடியில் பதினைந்து, கணுவில் இருபது என்கிறாள் அராக்ஸி.
அளவு வளையங்களைச் சாவிக்கொத்துபோலக் குலுக்கி
இது ஒருத்தியின் விரல்தானா என்று சிரிக்கிறாள்.

ப்ளோவ்திவ், நகைக்கடைச் சந்து, ஜூன் மாதம்.
வெளியே லுபென், நிறுத்தக்கூடாத இடத்தில் காரை நிறுத்தி
விளக்குகளைச் சிமிட்டவிட்டுக் காத்திருக்கிறான்.

எப்படி ஆனது?

போலந்தில், பிட்கோஷ்ச்சில், ஒரு பிப்ரவரி.
நான்காவது செட், இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு.
முன்வரிசையில் நின்றால் செட்டரும் தாவத்தான் வேண்டும்,
எட்டினாலும் எட்டாவிட்டாலும்.
பந்து என் மோதிரவிரலை மட்டும்
தனியே கூட்டிக்கொண்டு போனது.
முதலில் வலிக்கவில்லை.
மற்ற நான்கும் வலையைப் பார்க்க
அது மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது,
வகுப்பில் ஜன்னலோரப் பிள்ளை மாதிரி.
பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்தபடி டாக்டர்
உங்கள் ஊரில் மலை உண்டா என்று கேட்டார்.
உண்டு என்று வாயெடுக்கும் முன்
இழுத்துவிட்டார்.
நடுவிரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.
அந்த செட்டை வென்றோம்.
ஐந்தாவதைத் தோற்றோம்.

அராக்ஸிக்கு இவ்வளவுதான் சொன்னேன்.

கான்ஸ்தான்த்சாவில் கிளப் தந்த வீட்டில்
கரண்டிகளுக்கும் எண் இருந்தது.
ஆறு முள்கரண்டி கொடுத்தார்கள்,
ஐந்தைத் திருப்பினேன்,
கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.
ஆறாவது இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது.
வேண்டுமென்றேதான்.

ஜுசாராவுக்கு வலையிலிருந்து ஒரு முழம் தள்ளி வேண்டும்.
மிலேனாவுக்கு அவசரம், பந்துக்கு முன்பே வானத்தில் இருப்பாள்.
யாருக்கு எந்த உயரத்தில் பசி என்று
முகம் பார்க்காமலே தெரியும் எனக்கு.
மறுநாள் செய்தித்தாளில் ஜுசாரா பறந்துகொண்டிருப்பாள்.
படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை.
பதினாறு வருடம் நான் அந்த முழங்கை.
புகார் இல்லை.
சில படங்களில் அது கூட இல்லை.

இத்தாலியில் ஒன்பதாம் பத்தி:
கருவுற்றால் அன்றே ஒப்பந்தம் முடியும்.
முகவர் வேகமாகப் படித்தான், காபி ஆறுகிறது என்றான்.
இதே விரல் மடங்காமல் நிற்க
பேனாவை மற்ற விரல்களால் பிடித்துக் கையெழுத்திட்டேன்.
அடுத்த டிசம்பரில், வெளியூர் ஹோட்டல் குளியலறையில்
நாள் எண்ணிப் பார்த்துவிட்டு
மருந்துக்கடைக் குச்சியோடு உட்கார்ந்திருந்தேன்.
பக்கத்து அறையில் யாரோ ஹேர் டிரையர் போட்டார்கள்.
ஒரு கோடுதான்.
நிம்மதி என்றுதான் எழுந்தேன்.
அன்று மாலை என் பந்துகளெல்லாம்
ஒரு சாண் தாழப் போயின.
மிலேனா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.
மடிக்கணினிக்காரன் என் பெயருக்கு நேரே
கழித்தல் குறி, கழித்தல் குறி என்று தட்டினான்.
அந்தத் தாள் லுபெனிடம் இல்லை.
எந்தத் தாளும் இல்லை.

எங்கள் ஆட்டத்தில்
பந்தைப் பிடித்து வைப்பது குற்றம்.
விரல் நுனியில் அது வந்து உட்காரும் நேரம்
இமைப்பதில் பாதி.
அதற்குமேல் போனால் விசில்.
அந்தப் பாதிக்குள் நான் எல்லாம் முடிவு செய்திருக்கிறேன்,
எதிராளியின் கால் எந்தப் பக்கம் கனக்கிறது என்பது உட்பட.
இந்தக் கடையில் இருபது நிமிடமாகிறது.

கீல் வைத்துத் தரலாம் என்கிறாள் அராக்ஸி.
சின்னக் கதவுபோல் திறக்கும், கணுவைத் தாண்டியதும் மூடிக்கொள்ளலாம்.
எழுபது லெவா கூடுதல்.
தினம் கழற்றிப் போட்டால் தாங்குமா என்கிறேன்.
தினமும் ஏன் கழற்ற வேண்டும்?

கைப்பையில் இரண்டாம் பிரிவு அணி ஒன்றின் தாள்,
ஒரே ஒரு வருடம், பயிற்சி ஆகஸ்ட் நாலு.
போன மாதம் விடைபெற்றபோது
லுபென் அழுத அளவு நான் அழவில்லை.
கண்டுபிடித்திருக்க வேண்டும் அவன்.

வெளியே ஹாரன். குட்டையாக, ஒரு முறை.

தாங்கும், ஆனால் கீல் எந்தப் பக்கம் என்கிறாள்.
உள்ளங்கைப் பக்கம் என்கிறேன்.
ரசீதில் எழுதிக்கொள்கிறாள்.